குண்டு ஏற்றும் முன் குறியைக் கேளுங்கள்

அன்புள்ள சிமுலேட்டர் பைலட் நண்பர்களே,

ஃபைட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இந்த மடலில் அதிகம் எதுவும் இல்லை. ஹைன்கெல் 111, யுங்கர்ஸ் 88, பெ-2, மாஸ்கிட்டோ என்று குண்டு சுமக்கும் விமானங்களைத் தேடிப் பிடித்து ஓட்டுகிறவர்களுக்கு எழுதுகிறேன். அரை மணி நேரம் மேகத்துக்கு மேல் பொறுமையாகப் பறந்து, சில நொடி வேலைக்காகக் காத்திருக்கிறவர்கள் நீங்கள். பேச வந்தது ஒரே ஒரு திரையைப் பற்றி. இஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், குண்டையும் பெட்ரோலையும் தேர்ந்தெடுக்க வருகிற லோட்அவுட் திரை.

அந்தத் திரையில் நாம் நிற்கும் நேரம் மிகக் குறைவு. பட்டியலில் எது அதிகக் கிலோவோ அதைச் சொடுக்குகிறோம். பெட்ரோல் ஸ்லைடரைக் கால்வாசிக்கும் கீழே இழுக்கிறோம். குண்டு எப்போது வெடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் ஃபியூஸைப் போன முறை எப்படி இருந்ததோ அப்படியே விடுகிறோம். குறிக்கு மேல் போனதும் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் கொட்டிவிட்டு, திரும்பி வரப் பெட்ரோல் போதாமல் பக்கத்து வயலில் விழுந்து, மறுபடி புது விமானம் எடுக்கிறோம். மல்டிபிளேயர் சர்வர்களில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. யாரையும் குறை சொல்லிப் பட்டியல் போட இதை எழுதவில்லை. ஒரு பாம்பர் பைலட்டின் வேலையில் பாதி அந்தத் திரையில்தான் நடக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பாதியைச் செய்யாமலேயே நாம் பறந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

விமானம் எவ்வளவு தூக்கும் என்று பார்ப்பதற்கு முன், எதை அடிக்கப் போகிறோம் என்று கேளுங்கள். இல்-2 கிரேட் பேட்டில்ஸ் சிமுலேட்டரில் பெ-2 எடுத்தால் 100 கிலோ குண்டு பத்து, 250 கிலோ நான்கு, 500 கிலோ இரண்டு என்று வரிசையாக வரும். மூன்றில் எதைக் கூட்டினாலும் ஆயிரம் கிலோதான். ஆயிரமும் ஆயிரமும் ஒன்று என்று நினைத்து, பலரும் பெரிய குண்டைத்தான் எடுக்கிறார்கள். வெடிப்பின் இயற்பியல் வேறு மாதிரி சொல்கிறது. காற்றழுத்த அலை எட்டும் தூரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் வெடிமருந்தை எட்டு மடங்காக்க வேண்டும். 100 கிலோவுக்குப் பதில் 1000 கிலோ போட்டாலும் வீச்சு இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சேதமாகும் பரப்பு நாலரை மடங்குதான் கூடும். பத்துச் சிறிய குண்டுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டால் பரப்பு பத்து மடங்கு. சாலையில் நிற்கும் லாரி வரிசைக்கும், ரன்வே ஓரம் நிறுத்தியிருக்கும் விமானங்களுக்கும் பத்துச் சிறிய குண்டுகள்தான் சரி. பாலத்தூண், கான்கிரீட் பதுங்கறை, பெரிய கப்பல் என்று வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே நூறு கிலோ குண்டு பத்து விழுந்தாலும் தூண் அசையாது. மிஷன் எடிட்டரில் பத்து லாரிகளை வரிசையாக நிறுத்தி இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது போதும்.

குண்டுகளை எடுத்தாயிற்று என்றால் அடுத்து இடைவெளி. இதைப் பாதிப் பேர் தொடுவதே இல்லை. மணிக்கு 360 கிலோமீட்டரில் போகும் விமானம் ஒரு நொடியில் 100 மீட்டர் நகரும். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் நொடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி வைத்தால் தரையில் 10 மீட்டருக்கு ஒன்று விழும். பத்துக் குண்டும் 90 மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். அரை நொடி வைத்தால் 50 மீட்டருக்கு ஒன்று. மொத்த வரிசை 450 மீட்டர். ரயில் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிக் கடக்கும்போது நெருக்கமான வரிசை வேண்டும். சாலையோடு ஒட்டிப் பறக்கும்போது நீண்ட வரிசை வேண்டும். இந்தக் கணக்கைத் தரையில் இருக்கும்போதே போட்டுவிடலாம். விமான எதிர்ப்புப் பீரங்கி சுற்றிலும் வெடிக்கும்போது யாராலும் போட முடியாது.

இனி ஃபியூஸ். இதைத்தான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் சுடப்பட்டு விழுவதைவிடச் சொந்தக் குண்டால் விழுவதே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. மட்டமாகப் பறந்தபடி விடுவிக்கிற குண்டு அப்படியே நேர்கீழே விழுவதில்லை. விமானத்தின் வேகத்தோடுதான் அதுவும் முன்னால் போகிறது. 50 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் தரையைத் தொட மூன்று நொடிக்குச் சற்று மேல் ஆகும். அந்த மூன்று நொடியும் அது கிட்டத்தட்ட உங்கள் வயிற்றுக்குக் கீழேயேதான் வருகிறது. தொட்டவுடன் வெடிக்கும் ஃபியூஸ் வைத்திருந்தால் தூள் தூளாவது லாரியும் நீங்களும் சேர்ந்துதான். மாஸ்கிட்டோ படைகள் தாழப் பறந்து தாக்கும்போது 11 நொடி தாமத ஃபியூஸ் வைத்ததற்குக் காரணம் இதுதான். மணிக்கு 480 கிலோமீட்டரில் போனால் 11 நொடியில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்விடலாம். ஆனால் பின்னால் வரும் நண்பர் அந்த 11 நொடிக்குள் அதே இடத்துக்கு மேல் வந்தால் அவருக்குச் சாவு. ஆகவே கூட்டமாகப் போகும்போது ஃபியூஸ் தனி ஆள் விருப்பமாக இருக்க முடியாது. முதல் அணி எத்தனை நொடி, இரண்டாவது அணி எத்தனை நொடி, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பேசிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

உயரத்திலிருந்து போடும்போது கேள்வி மாறுகிறது. கட்டடத்தின் கூரையில் பட்டவுடன் வெடித்தால் கூரை போகும், கீழ்த்தளம் நிற்கும். நொடியில் நாற்பதில் ஒரு பங்கு தாமதம் வைத்தால் குண்டு கூரையைத் துளைத்து உள்ளே போய் வெடிக்கும். கப்பலின் மேல்தளத்துக்கும் இதே கணக்குத்தான். திறந்த வெளியில் நிற்கும் லாரிகளுக்கோ தாமதமே கூடாது. குண்டு மண்ணில் புதைந்து வெடித்தால் சில்லுகள் வானத்தைப் பார்த்துப் போகும். டிசிஎஸ் வேர்ல்ட் சிமுலேட்டரில் இப்போது குண்டோடு சேர்த்து ஃபியூஸையும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடிகிறது. அந்த வசதி நமக்காகச் செய்தது. தொடாமல் கடந்து போகாதீர்கள்.

மெனுவில் எழுதியிருக்கும் எண்ணிக்கை எப்போதும் முழு உண்மை ஆகாது. பெ-2இன் பத்து 100 கிலோ குண்டுகளில் நான்கு உடற்பகுதியில் உள்ள அறைக்குள், இரண்டு இஞ்சின் கூண்டுகளின் பின்புறத்தில், மீதி நான்கு வெளியே தொங்கும். செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுவதற்கென்றே பேர் வாங்கிய அந்த விமானத்தில், பாயும்போது வெளியே தொங்குபவற்றை மட்டுமே விடுவிக்க முடியும். உள்ளே இருப்பவற்றை மட்டமாகப் பறந்துதான் போட வேண்டும். ஒற்றை இஞ்சின் ஸ்டுகாவில் நடுக்குண்டைப் பிடித்துச் சுழலும் விசிறிக்கு அப்பால் தள்ளிவிட ஒரு கவைக்கம்பு இருந்தது. பெ-2இன் அறைக்கு அப்படி எதுவும் கிடையாது. ஹைன்கெல் 111இல் வேறு விநோதம். அதன் அறைகளில் குண்டுகள் மூக்கு மேலே பார்க்க, அட்டையில் அடுக்கிய முட்டைகள் போலச் செங்குத்தாக நிற்கும். விடும்போது வால் முதலில் இறங்கிக் குட்டிக்கரணம் அடித்துத்தான் நேராகும். ஆகவே துல்லியம் குறையும். ரயில் யார்டு மாதிரி அகன்ற குறிக்கு அது போதும், ஒற்றைப் பாலத்துக்குப் போதாது. பெரிய குண்டுகளை வெளியே தொங்கவிட்டாலோ வேகம் போய்விடும். துணைக்கு ஃபைட்டர் இல்லாத நாளில் அந்த வேகம் உயிர்.

பெட்ரோலைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஆயிரம் லிட்டர் பெட்ரோல் சுமார் 720 கிலோ. அதுவும் சுமைதான், குண்டோடு ஒரே தராசில் நிற்பது. யுங்கர்ஸ் 88இல் தூரம் போக வேண்டிய நாளில் குண்டு அறைக்குள்ளேயே கூடுதல் டாங்கைப் பொருத்தினார்கள். குண்டுகள் வெளியே போயின. இங்கிலாந்தில் லங்காஸ்டர் குழுவினர் மாலையில் குறி எந்த ஊர் என்று அறிவிக்கும் முன்பே, தரைப் பணியாளர்களிடம் எவ்வளவு பெட்ரோல் நிரப்பச் சொன்னார்கள் என்று விசாரிப்பார்கள். டாங்க் நிறைய, அதாவது 2154 காலன், என்று பதில் வந்தால் ஜெர்மனிக்குள் வெகுதூரம், ஒருவேளை பெர்லினே, என்று ஊகித்துவிடுவார்கள். குறி, குண்டு, பெட்ரோல் மூன்றும் அப்படி ஒன்றையொன்று காட்டிக்கொடுத்தன. நம் விமானங்களைப் பார்த்து யாராவது குறியை ஊகிக்க முடியுமா? எல்லோரும் ஒரே சுமையோடு அல்லவா நிற்கிறோம்.

லோட்அவுட் திரையில் ஒரு சொடுக்கில் முடிகிற இந்தக் காரியத்துக்கு ஒரு கடற்படை எவ்வளவு விலை கொடுத்தது என்பதை மிட்வே கடற்போர் சொல்கிறது. 1942 ஜூன் 4 காலை. ஜப்பானியத் தளபதி நகுமோவிடம் அகாகி, காகா, சோர்யூ, ஹிர்யூ என்று நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள். முதல் அணி மிட்வே தீவைத் தாக்கப் போயிருந்தது. அமெரிக்கக் கப்பல்கள் எதிர்ப்பட்டால் பயன்படட்டும் என்று அகாகியிலும் காகாவிலும் நகாஜிமா பி5என் விமானங்கள் டார்பிடோவோடு தயாராக நின்றன. தீவை இன்னொரு முறை அடிக்க வேண்டும் என்று செய்தி வந்ததும், 7:15க்கு டார்பிடோவைக் கழற்றித் தரைக்குண்டு மாட்டச் சொன்னார். சற்று நேரத்தில் அமெரிக்கக் கப்பல்கள் கண்ணில் பட்டன என்று உளவு விமானம் தகவல் கொடுத்தது. 7:45க்கு வேலையை நிறுத்தச் சொன்னார், மறுபடி டார்பிடோ.

அந்த ஹேங்கர் தளத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு டார்பிடோ 800 கிலோவைத் தாண்டும். தரைக்குண்டும் ஏறக்குறைய அதே எடை. ஆனால் இரண்டையும் பிடிக்கும் கொக்கிகளும் தாங்கிகளும் வேறு வேறு. குண்டை மாற்றினால் அவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். தள்ளுவண்டிகள் குறைவு என்பதால் ஒரே நேரத்தில் சில விமானங்களுக்குத்தான் வேலை நடக்கும். டார்பிடோவை எடுத்துக் குண்டு மாட்ட ஒன்றரை மணி நேரம், குண்டை எடுத்து டார்பிடோ மாட்ட இரண்டு மணி நேரம் என்று ஹிர்யூவில் முன்பே சோதித்துப் பார்த்திருந்தார்கள். அன்று காலை அவசரத்தில், கழற்றிய குண்டுகளைக் கீழே ஆயுதக் கிடங்குக்கு அனுப்ப நேரமில்லாமல் ஹேங்கரிலேயே ஓரமாக வைத்தார்கள். 10:20ஐ ஒட்டி அமெரிக்க டைவ் பாம்பர்கள் மேலிருந்து பாய்ந்தபோது அகாகி, காகா, சோர்யூ மூன்றும் சில நிமிடங்களில் பற்றி எரிந்தன. ஹிர்யூவுக்கு மாலையில் முடிவு வந்தது. தோல்விக்கு அந்த ஆயுத மாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். காவல் ஃபைட்டர்கள் இறங்குவதும் ஏறுவதுமாக மேல்தளம் ஓயவே இல்லை. இடைவிடாத தாக்குதல்களும் தாமதத்தைக் கூட்டின. ஆனால் குறி எது என்று உறுதியாகாத நிலையில் சுமையைத் தீர்மானிப்பது எப்படிப்பட்ட சூதாட்டம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

நமக்கு நெருக்கமான கடலில் இதற்கான எச்சரிக்கை இரண்டு மாதம் முன்பே கிடைத்திருந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. இதே நகுமோவின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரண்டாவது தாக்குதலுக்காக டார்பிடோவை எடுத்துக் குண்டு மாட்டச் சொன்னார். வேலை நடக்கும்போதே பிரிட்டிஷ் கப்பல்கள் தென்பட்டதாகச் செய்தி வர, திரும்பவும் டார்பிடோ மாட்டச் சொன்னார். பி5என்கள் தயாராகவில்லை. ஐச்சி டி3ஏ டைவ் பாம்பர்கள் மட்டும் போய் டார்செட்ஷைர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர்களையும் மூழ்கடித்துவிட்டன. காரியம் வெற்றியில் முடிந்ததால் குழப்பத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு நாள் கழித்து திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மெஸ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்ததும் அதே டி3ஏக்கள்தான். ஒன்றுக்கு ஒரு 250 கிலோ குண்டு, அதுவே அவற்றின் முதன்மையான சுமை. சரியான உயரத்திலிருந்து பாய்ந்து சரியான இடத்தில் போட்டதால் அது போதுமானதாக இருந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியில் ஹெர்மெஸ் இன்றும் கிடக்கிறது.

அந்தச் சுமையை விமானத்தில் ஏற்றியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் திரையில் அவர்கள் தெரிவதில்லை. இல்-2 கிரேட் பேட்டில்ஸில் யு-2 என்ற மர இறக்கை இரட்டைத்தட்டு விமானம் ஒன்று உண்டு. ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், லாரியை விடச் சற்று வேகமாகப் போகும், இருட்டில் மட்டுமே பிழைக்கும். பெண்கள் மட்டுமே இருந்த சோவியத்தின் 588ஆவது இரவு குண்டுவீச்சுப் படைப்பிரிவு 1942இலிருந்து போர் முடியும்வரை அதைத்தான் ஓட்டியது. பின்னால் அதுவே 46ஆவது காவலர் படைப்பிரிவு ஆனது. ஒரு முறைக்குச் சில நூறு கிலோதான் ஏற்ற முடியும் என்பதால் ஒரே இரவில் திரும்பத் திரும்பப் போவார்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இளம்பெண்களான ஆயுதப் பணியாளர்கள் ஓடிவந்து, 50 கிலோ, 100 கிலோ குண்டுகளைக் கையால் தூக்கி இறக்கைக்கு அடியில் மாட்டுவார்கள். விளக்கு ஏற்றக் கூடாது. ஃபியூஸைத் திருகும்போது விரலுக்கு உணர்வு வேண்டும் என்பதால், ரஷ்யக் குளிர்காலத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் உறைந்த இரும்பைத் தொடுவார்கள். விடியும்போது ஒவ்வொருத்தியும் டன் கணக்கில் தூக்கியிருப்பாள். நாம் 'ரீஆர்ம்' பொத்தானை அழுத்தினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. முடியட்டும், விளையாட்டுக்கு அது தேவை. ஆனால் அந்த அரை நிமிடத்துக்குள் யாருடைய கைகள் மறைந்திருக்கின்றன என்று தெரிந்தால் ஒரு குண்டையும் வீணாக வயலில் கொட்ட மனம் வராது.

குண்டுக்குக் கீழே இருந்தவர்களையும் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. மாஸ்கிட்டோவை விரும்பி ஓட்டும் நண்பர்கள் கோபன்ஹேகன் மிஷனை அடிக்கடி உருவாக்குகிறார்கள். 1945 மார்ச் 21 அன்று நடந்தது அது. கெஸ்டபோவின் தலைமையகமாக இருந்த ஷெல்ஹஸ் கட்டடத்தைத் தாக்கச் சொல்லி டென்மார்க்கின் எதிர்ப்பியக்கமே கேட்டிருந்தது. கைதிகள் மேல்மாடியில் வைக்கப்பட்டிருந்தார்கள். அதனால் குண்டுகள் கீழ்த்தளங்களில் பாய வேண்டும். அதற்காகத்தான் கூரை உயரத்துக்கு இறங்கிய பறப்பு, அதற்காகத்தான் தாமத ஃபியூஸ். சுமையின் ஒவ்வொரு அம்சமும் அந்தக் கைதிகளை மனதில் வைத்து முடிவானது. கட்டடம் அழிந்தது, கைதிகளில் பலர் தப்பினார்கள். ஆனால் முதல் அணியின் ஒரு மாஸ்கிட்டோ விளக்குக் கம்பத்தில் இடித்து ஜான் தார்க் பள்ளிக்கு அருகே விழுந்து எரிந்தது. பின்னால் வந்தவற்றில் சில அந்தப் புகையைக் குறி என்று எண்ணிப் பள்ளியின் மேல் குண்டு போட்டன. 86 குழந்தைகள் இறந்தார்கள். அந்த மிஷனை ஓட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஓட்டுகிறவர்கள் இதை முழுவதுமாகத் தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும். மிஷன் குறிப்பில் ஷெல்ஹஸ் பற்றி நாலு பத்தி எழுதுகிறவர்கள் பள்ளியைப் பற்றி ஒரு பத்தியாவது எழுத வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். வரைபடத்தில் அந்தப் பள்ளியும் இருக்கட்டும்.

மிஷன் உருவாக்கும் நண்பர்களிடம் இன்னும் ஒரு வேண்டுகோள். வரம்பற்ற குண்டுகளைத் தராதீர்கள். ஒவ்வொரு தளத்துக்கும் இத்தனை 500 கிலோ, இத்தனை 100 கிலோ என்று இருப்பு வையுங்கள். கான்வாய் ஒன்று வந்து சேர்ந்தால் இருப்பு கூடட்டும்; எதிரி அதை அடித்துவிட்டால் குறையட்டும். விமானத்தோடு திரும்பி வருகிறவருக்கு அடுத்த பறப்பில் நல்ல சுமை கிடைக்கட்டும். அப்படிச் செய்த மிஷன்களில் ஆட்கள் தாமாகவே பெட்ரோலைக் கணக்குப் பார்க்கத் தொடங்குவதையும், லாரிக்கு 500 கிலோவை வீணாக்கத் தயங்குவதையும் பார்த்திருக்கிறேன். முக்கியமாக, குறியைப் பற்றிய தகவலைத் தெளிவாகக் கொடுங்கள். 'எதிரிக் கிடங்கு' என்று மட்டும் எழுதினால் யாரால் சரியான குண்டை எடுக்க முடியும்? கிடங்கின் கூரை ஓடா கான்கிரீட்டா, சுற்றிப் பீரங்கி எத்தனை, அணுகுவதற்கு எந்தத் திசை நல்லது என்று உளவு அறிக்கை போல எழுதுங்கள். ஒரு படம் இருந்தால் இன்னும் நல்லது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் 'இதை எடு, எப்போதும் இதுதான்' என்று ஒரு லோட்அவுட்டைக் கையில் கொடுக்காதீர்கள். குறியைக் காட்டி, நீ எதை எடுப்பாய் என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் அதோடு பறக்க விடுங்கள். இறங்கிய பிறகு ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்துப் பேசலாம்.

இப்போதைக்கு ஒன்று செய்வோம். அடுத்த கூட்டுப் பறப்பு பெ-2இல். குறி, ஒரு ரயில் நிலையம்: நீளவாக்கில் மூன்று தண்டவாளங்கள், நடுத்தண்டவாளத்தில் பெட்ரோல் டாங்கர் வண்டிகள், வடகோடியில் கல்லால் கட்டிய நீர்த்தொட்டிக் கோபுரம், இரு பக்கமும் இலகு ரகப் பீரங்கிகள். தளத்திலிருந்து 90 கிலோமீட்டர். டாங்கர்களை யார் அடிப்பது, கோபுரத்தை யார் அடிப்பது என்று அணிக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். என்ன குண்டு, எத்தனை, எந்த உயரம், எவ்வளவு இடைவெளி, எவ்வளவு பெட்ரோல் என்று காரணத்தோடு எழுதி, பறப்புக்கு முந்தின நாள் இரவுக்குள் அனுப்புங்கள். கோபுரத்தை எடுத்துக்கொள்பவர்கள் ஃபியூஸ் எத்தனை நொடி என்பதையும், தங்களுக்குப் பின்னால் யார் வருகிறார் என்பதையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு பறக்கும் ஒரு பாம்பர் பைலட்